சந்நிதிக்குப் பின்னால் பாடியவர்கள்

ஞாயிறு வெளியீட்டில் பணியாற்றும் பத்திரிகையாளனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் உண்மையான ஓய்வு நாள். ஊரெல்லாம் பத்திரிகையை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கும் வேளையில், அதை ஆக்கியவன் மட்டும் அதைத் தொட்டும் பாராமல் சாய்மனைக் கதிரையில் கிடப்பான். சனிக்கிழமை இரவு கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும்வரை உள்ள பரபரப்பு அப்படி. எனது ஞாயிற்றுக்கிழமைகள் பல வருடங்களாக இவ்வாறே கழிந்து வந்திருக்கின்றன. அன்று அரசியல் பேசுவதில்லை. தொலைபேசிக்குப் பதில் சொல்வதும் குறைவு. பாட்டுக் கேட்பதே வேலை.

இவ்வாண்டு திருவையாற்றில் நடைபெற்ற தியாகராஜ ஆராதனையின் நேரடி ஒளிபரப்பைப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. அது வேலை நாளாகப் போய்விட்டது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் இணையத்திலிருந்து அதன் பதிவைத் தேடியெடுத்துத் தொலைக்காட்சியில் இணைத்துத் தந்தாள். கையில் பிளேன்ரீயுடன் நான் அமர்ந்தேன். பக்கத்துக் கதிரையில், எண்பத்தைந்து வயதைக் கடந்துவிட்ட என் தாயார். குளித்து, திருநீறு பூசி, கோயிலுக்குப் புறப்படுபவர் போல வந்து அமர்ந்திருந்தார்.

அந்தக் காட்சியை அறியாத சங்கீத இரசிகர் எவரும் இருக்கமாட்டார். காவிரிக் கரையில் பெரிய பந்தல். சந்நிதியை நோக்கிச் செல்லும் வழியின் இருமருங்கும் வரிசை வரிசையாக வித்துவான்களும் விதுஷிகளும். நாதஸ்வரம் ஓய்ந்த பின்னர் புல்லாங்குழல்கள் முன்னுரை போல ஒரு கீர்த்தனையை இசைக்கின்றன. அதன்பின் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து கன ராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகள். பெயர் பெற்றவர்களும் பெயர் அறியப்படாதவர்களும் ஒரே ஆதி தாளத்தில், ஒரே குரலாகப் பாடுகிறார்கள். முன்வரிசையில் இருக்கும் பெண்ணின் குரல் எது, அவருக்கு எதிரே இருக்கும் ஆணின் குரல் எது என்று பிரித்தறிய முடியாது.

இதைப் பார்ப்பவருக்கு, ஸ்வாமிகள் சமாதி அடைந்த நாளிலிருந்தே இப்படித்தான் பாடி வருகிறார்கள் என்று தோன்றும். எனக்கும் நெடுங்காலம் அப்படித்தான் தோன்றியது. உண்மையில், எல்லோரும் கூடி அமர்ந்து பஞ்சரத்தினம் பாடும் இந்த வழக்கம் என் தாயாரைவிட ஓரிரண்டு வயது இளையது. அது பிறந்த கதை பக்தியால் மட்டும் ஆனதன்று. அதிலே சண்டை இருக்கிறது, விலக்கி வைத்தல் இருக்கிறது, ஒரு பெண்ணின் பிடிவாதமும் இருக்கிறது.

திருவாரூரில் 1767 ஆம் ஆண்டு பிறந்த தியாகராஜர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் திருவையாற்றிலே கழித்தார். 1847 ஜனவரி 6 ஆம் திகதி, புஷ்ய பகுள பஞ்சமி நாளில், அங்கேயே மறைந்தார். மறைவதற்குச் சில நாட்களுக்கு முன்னர் அவர் சந்நியாசம் பெற்றுக்கொண்டார். சந்நியாசிகளை எரிப்பதில்லை. அதனால் அவரது உடல் காவிரிக் கரையில் அடக்கம் செய்யப்பட்டது. இல்லறத்தாருக்குச் செய்வது திவசம், சந்நியாசிக்குச் செய்வது ஆராதனை. இன்று இசை விழாவின் பெயராகிவிட்ட அச்சொல்லின் மூலப் பொருள் இதுவே.

குருவின் மறைவுக்குப் பின் சீடர்கள் தத்தம் ஊர்களுக்குச் சென்றுவிட்டார்கள். வாலாஜாபேட்டையிலும் உமையாள்புரத்திலும் தில்லைஸ்தானத்திலும் அவரவர் வீட்டிலே ஆண்டுதோறும் அவரை நினைத்துப் பூசை செய்தார்கள். அவருடைய பாடல்கள் சீடர் பரம்பரைகள் வழியாகத் தென்னாடெங்கும் பரவின. ஆனால் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1903 ஆம் ஆண்டில் அவருடைய நேர்ச் சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் முதிர்ந்த வயதில் திருவையாற்றுக்கு வந்து, சிதைந்து கிடந்த அவ்விடத்தைச் செப்பனிட்டார்கள். அதன்பின் சில ஆண்டுகளில், தில்லைஸ்தானத்துச் சகோதரர்களான நரசிம்ம பாகவதரும் பஞ்சு பாகவதரும் அங்கு இசையோடு கூடிய ஆராதனையைத் தொடங்கினார்கள்.

தொடங்கிய சிறிது காலத்திலேயே சகோதரர்கள் பிரிந்தார்கள். நரசிம்ம பாகவதரின் பக்கம் பெரிய கட்சி எனவும், பஞ்சு பாகவதரின் பக்கம் சின்னக் கட்சி எனவும் பெயர் பெற்றன. பெரிய கட்சியைப் பின்னர் சூலமங்கலம் வைத்தியநாத பாகவதர் நடத்தினார். சின்னக் கட்சிக்குப் பிடில் மேதை மலைக்கோட்டை கோவிந்தசாமிப்பிள்ளை பெருந்துணையாக இருந்தார். ஒரு கட்சி தன் விழாவை ஆராதனை நாளில் முடியும்படி வகுத்துக்கொண்டால், மற்றக் கட்சி அந்நாளில் தொடங்கும்படி வகுத்துக்கொண்டது. வித்துவான்களும் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். நமது அரசியற் கட்சிகளின் பிளவுகளை எழுதி எழுதிக் கை ஓய்ந்த எனக்கு இதில் வியப்படைய ஒன்றுமில்லை. வியப்பு வேறொன்றிலே இருக்கிறது. எதிரும் புதிருமாக நின்ற இரு கட்சிகளும் ஒரு விடயத்தில் மட்டும் ஒன்றுபட்டிருந்தன. சமாதியின் முன்னால் பெண்கள் பாடக்கூடாது என்பதே அது.

இந்த இடத்திலேதான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வருகிறார்.

மைசூர்ப் பகுதியிலுள்ள நஞ்சன்கூட்டில் 1878 ஆம் ஆண்டு, தேவதாசிக் குலத்தில் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். இசையோடு வடமொழி, கன்னடம், தெலுங்கு ஆகியவற்றிலும் தேர்ச்சி பெற்றார். பெங்களூரில் புகழ் பெற்றபின் சென்னைக்கு வந்து, அங்கும் முன்னணிப் பாடகியாக விளங்கினார். செல்வமும் சேர்ந்தது.

அவரைப் பாடகி என்று மட்டும் சொல்லிவிடுவது பெரும் பிழை. பதினெட்டாம் நூற்றாண்டில், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துப்பழனி என்ற கணிகை, ராதிகா சாந்த்வனமு என்ற தெலுங்குக் காவியத்தை இயற்றியிருந்தாள். நாகரத்தினம்மாள் அதன் சுவடியை முன்னர் வெளிவந்த அச்சுப் பதிப்புடன் ஒப்பிட்டுப் பார்த்தார். ஆசிரியை தன் பெண்வழி மரபைக் கூறும் முகவுரைப் பகுதியும் சில பாடல்களும் அப்பதிப்பில் விடுபட்டிருந்தன. விடுபட்டவற்றைச் சேர்த்து 1910 இல் அவர் முழு நூலையும் பதிப்பித்தார். நூல் ஆபாசமானது என்று கண்டனங்கள் எழுந்தன. சமூகச் சீர்திருத்தவாதி என்று போற்றப்பட்ட கந்துகூரி வீரேசலிங்கமே அந்தக் காவியத்தைப் பழித்திருந்தார். கூச்சம், நாகரிகம் என்பவையெல்லாம் பெண்களுக்கு மட்டுமா, ஆண் புலவர்களுக்கு இல்லையா என்று நாகரத்தினம்மாள் கேட்டார். பிரித்தானிய அரசு நூலைத் தடைசெய்தது. 1947 இல்தான் தடை நீங்கியது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியதும் அதே 1947 இல்தான். ஒரு கணிகையின் கவிதைக்கு அனுமதி கிடைத்த ஆண்டிலேயே அவளுடைய குலத்தின் வாழ்க்கை முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. அம்முறையில் கொடுமைகள் இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தக் குலத்துப் பெண்கள் எழுத்தறிந்தும் இசையறிந்தும் சொந்தச் சொத்துடனும் வாழ்ந்தவர்கள் என்பதை அக்காலத்துச் சீர்திருத்தவாதிகளிற் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

1921 ஆம் ஆண்டில் நாகரத்தினம்மாளின் குருவான பிடாரம் கிருஷ்ணப்பா, திருவையாற்றுச் சமாதி கிடக்கும் நிலையைக் கண்டு மனம் வருந்தி அவருக்குக் கடிதம் எழுதினார். அப்போது அம்மையாருக்கு நாற்பது வயது கடந்திருந்தது. பிள்ளைகள் இல்லை. சேர்த்த செல்வத்தை எதற்குச் செலவிடுவது என்ற கேள்விக்கு அந்தக் கடிதம் விடையாயிற்று. சமாதி இருந்த நிலத்தைப் பெற்றார். நகைகளை விற்றார். கச்சேரிகளில் ஈட்டியதைக் கொண்டுவந்து கொட்டினார். தியாகராஜரின் திருவுருவத்தோடு கோயில் எழுந்தது. 1926 ஜனவரியில் குடமுழுக்கு நடந்தது.

கோயிலைக் கட்டியவருக்கு அதன் முன்னால் பாட அனுமதி கிடைக்கவில்லை. பெண் என்பது ஒரு தடை. தேவதாசி என்பது அதற்கு மேலொரு தடை. அவருடைய பணத்தில் எழுந்த சந்நிதியில் இரு கட்சியினரும் பாடினார்கள், சொற்பொழிவாற்றினார்கள், வழிபாடு நடத்தினார்கள். அம்மையார் சோர்ந்துவிடவில்லை. அடுத்த ஆண்டிலேயே தம் குலத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்து, கோயிலின் பின்புறத்தில் தனியாக ஆராதனை நடத்தினார். முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். பெரிய கட்சிக்கும் சின்னக் கட்சிக்கும் அடுத்து, பெண்கள் கட்சி என்று மூன்றாவது ஒன்று தோன்றிய கதை இது. பத்து வருடங்களுக்கு மேலாக இந்த நிலை நீடித்தது. அவரும் திருவையாற்றிலேயே குடியேறிவிட்டார்.

1940 ஆம் ஆண்டை ஒட்டி, ஐ.சி.எஸ். அதிகாரியும் இசையறிஞருமான எஸ்.வை.கிருஷ்ணசுவாமி, முசிரி சுப்பிரமணிய ஐயர் முதலானோரின் முயற்சியால் மூன்று கட்சிகளும் ஒன்றாயின. தியாகப்பிரம்ம மகோற்சவ சபை உருவாகியது. 1941 முதல் ஒரே விழாவாக ஆராதனை நடந்தது. பெண்கள் சந்நிதியின் முன்னால் வந்து அமர்ந்தார்கள். எல்லோரும் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடுவது என்ற வழக்கமும் அந்தக் காலத்திலேதான் வகுக்கப்பட்டது. யார் முதலிற் பாடுவது, யாருக்கு எவ்வளவு நேரம் என்று ஆண்டுக் கணக்கில் பிணங்கியவர்களுக்கு இதைவிடச் சிறந்த தீர்வு கிடைத்திருக்காது. அனைவரும் ஒன்றாகப் பாடும்போது முதல்வரும் இல்லை, கடைசியும் இல்லை. பஞ்சரத்தினத்தின் மகிமையைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதை அப்படிக் கூடிப் பாடுவது ஒரு சமாதான உடன்படிக்கை என்று நான் கருதுகிறேன். எண்பது வருடங்களுக்கு மேலாக மீறப்படாத உடன்படிக்கை. சமாதான ஒப்பந்தங்கள் கிழிந்ததையே செய்தியாக எழுதி வந்த நமக்கு இது சிறிய விடயமன்று.

அந்த ஒற்றுமையோடு எல்லாப் புறக்கணிப்பும் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது. 1946 ஆம் ஆண்டு ஆராதனையில் எம்.எம்.தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாடல் ஒன்றைப் பாடியது பெரும் சர்ச்சையாயிற்று. தமிழிசை இயக்கம் வேகம் பெற்றிருந்த காலம் அது. மேடை தீட்டாகிவிட்டது என்று பேசப்பட்டதாகக் கொதித்து, அப்போது இளைஞராக இருந்த மு.கருணாநிதி குடி அரசு இதழிலே எழுதினார். அப்பர் பெருமான் கயிலைக் காட்சி கண்டு தேவாரம் பாடிய தலத்திலே இப்படியொரு விவாதம் நடந்தது. ஒரு வாசலைத் திறந்தவர்கள் இன்னொரு வாசலை மூடி வைத்திருப்பது வரலாற்றில் வழமையே.

நாகரத்தினம்மாள் 1952 மே மாதம் காலமானார். முத்துப்பழனியின் காவியம் மீண்டும் அச்சேறியதும் அதே ஆண்டில்தான். அம்மையாரின் உடல் திருவையாற்றிலேயே அடக்கம் செய்யப்பட்டது. தியாகராஜர் சந்நிதியை நோக்கியபடி, கைகூப்பி அமர்ந்த கோலத்தில் அவருடைய சிலை இன்றும் அங்கே இருக்கிறது.

இவற்றையெல்லாம் நான் அறிந்துகொண்ட விதத்தையும் சொல்லியாக வேண்டும்.

பத்திரிகைத் துறைக்கு வந்த ஆரம்ப வருடங்களில், ஒரு தை மாதத்தில், தியாகராஜ ஆராதனையின் வரலாறு என்று ஒரு கட்டுரை எழுதினேன். ஞாயிறு வெளியீட்டில் அரைப்பக்கத்துக்கு வந்தது. உமையாள்புரத்துப் பாகவதர்களைப் பற்றி எழுதினேன். தில்லைஸ்தானத்துச் சகோதரர்களைப் பற்றி எழுதினேன். இரு கட்சிகளின் சண்டையைச் சுவையாக விபரித்தேன். பின்னர் "ஓர் அழகிய ஆலயம் எழுந்தது" என்று ஒரு வரி. எழுப்பியவர் யார் என்று நான் எழுதவில்லை. மறைக்கவேண்டும் என்று எண்ணி மறைத்ததன்று. கையில் இருந்த குறிப்புகளில் அப்பெயர் இருக்கவில்லை. தேடவேண்டும் என்றும் தோன்றவில்லை.

இரண்டு வாரங்களின் பின்னர் ஒரு தபாலட்டை வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து கொழும்பில் தங்கியிருந்த, ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். "தம்பி, கட்டுரை நன்று. கோயில் எழுந்தது என்று எழுதியிருக்கிறீர். கோயில் தானாக எழும்புமோ?" என்று கேட்டிருந்தார். அதன் கீழே நாகரத்தினம்மாள் என்ற பெயரை மட்டும் எழுதி, இரு தடவை அடிக்கோடிட்டிருந்தார்.

அந்த அட்டையை அம்மாவிடம் காட்டினேன். அவர் அதை வாசித்துவிட்டு, "ரீச்சர் சரியாய்த்தானே கேட்டிருக்கிறா" என்றார். அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. இளம் வயதில் வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குத் தோற்றியவர் அவர். சங்கீதம் கற்பித்த ஆசிரியை சொல்லித் தெரியும் என்றார். "நீ என்னட்டைக் கேட்கேல்லையே" என்று மட்டும் சொன்னார்.

நான் கேட்காததில் ஒரு காரணம் இருக்கிறது. அம்மா பாடக்கூடியவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் இசையைப் பற்றிக் கேட்கலாம் என்பது ஒருவருக்கும் தோன்றியதில்லை. திருமணத்தின் பின்னர் அவர் மேடையேறவில்லை. எங்கள் வீட்டில் பாட்டென்றால் அது வானொலிதான். யாழ்ப்பாணத்தில் திருச்சி வானொலி தெளிவாகக் கேட்கும். தை மாதத்தில் ஆராதனை அஞ்சல் வரும் நாளில் அம்மா குசினி வாசலில் நின்று தாழ்ந்த குரலில் கூடப் பாடுவார். யாராவது படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவார்.

1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோயிற்று. பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. அக்காலத்தில் அங்கு இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெரும்பாலும் செய்திக்காகவே சுழற்றினோம். பல்கலைக்கழக மாணவனாக இருந்த நான், ஒரு தை மாதக் காலையில் அம்மாவுக்காகப் பஞ்சரத்தினம் முடியும்வரை பெடலைச் சுழற்றினேன். கை சோர்ந்து வேகம் குறைந்தால் குரல்கள் அமிழ்ந்து போகும். மீண்டும் சுழற்றினால் எழும். வராளியில் ஒருமுறை முற்றாக நின்றுவிட்டது. அம்மா நிற்கவில்லை. வானொலி விட்ட இடத்திலிருந்து அவர் பாடிக்கொண்டு போனார். நான் மீண்டும் சுழற்றி வானொலி உயிர்பெற்றபோது, அவர்களும் இவரும் ஒரே இடத்தில் நின்றார்கள். அன்று அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. கை வலித்ததுதான் நினைவில் நின்றது.

பிற்காலத்தில் நாகரத்தினம்மாளைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். வி.ஸ்ரீராம் ஆங்கிலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாறு 2007 இல் வெளிவந்த பின்னர் பலரும் அவரை அறிந்துகொண்டார்கள். என்றாலும், நான் முன்பு எழுதிய அந்த அரைப்பக்கக் கட்டுரைக்குத் திருத்தம் ஒன்றும் இதுவரை வெளியிடவில்லை. தபாலட்டை எழுதிய ரீச்சர் இன்று இல்லை. இந்தப் பதிவையே அந்தத் திருத்தமாகக் கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று திருவையாற்று வழக்கம் கடல் கடந்துவிட்டது. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் 1978 முதல் ஆராதனை நடைபெறுகிறது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் நமது பிள்ளைகள், ஆண்களும் பெண்களும் கலந்தமர்ந்து பஞ்சரத்தினம் பாடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஐந்து கீர்த்தனைகளையும் பாடம் பண்ணக் கொடுக்கும் ஆசிரியர்கள், பக்கத்தில் அமர்ந்து பாடும் அந்த உரிமை எப்படி வந்தது என்பதையும் சொல்லிக்கொடுத்தால் நல்லது. பத்து நிமிடங்கள் போதும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராகக் கீர்த்தனையும் முடிந்தது. தீபாராதனை காட்டினார்கள். ஒளிப்படக் கருவி சந்நிதியையும் பந்தலையும் காவிரியையும் காட்டிவிட்டு ஓய்ந்தது. அம்மா கைகூப்பியபடி சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதிரே இருக்கிற அந்த அம்மாவை இந்த முறையும் காட்டேல்லை" என்றார்.

பதிவை முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.